இரு பக்கமும் ஏறிய நேரம்

செஸ் பலகையில் அறுபத்து நான்கு கட்டங்கள். அதில் ஒன்றுகூடச் சுத்தமாக இல்லை.

வெள்ளைக் கட்டங்களில் ரத்தம் பளிச்சென்று தெரிந்தது. கறுப்புக் கட்டங்களில் வெறும் பளபளப்பாகக் காய்ந்து கிடந்தது. மேஜை விளிம்பில் நரைத்த முடி ஒரு கொத்து ஒட்டியிருந்தது. கீழே, கல் பீடம் வைத்த பழைய பரிசுக் கோப்பை விழுந்து கிடந்த இடத்தைச் சுற்றி போலீஸ்காரர்கள் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். கோப்பை கனமானது. அதைத் தூக்கியவன் ஒரு தடவையோடு நிறுத்தவில்லை என்பதைச் சுவரைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

அவசரம் வாசலிலேயே நின்றுவிட்டான். ஏழாம் மாதமே பிறந்துவிட்டதால் வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது. துப்பறியும் தொழிலுக்கு வந்து வருஷக்கணக்கில் ஆகியும், கொலை நடந்த அறைக்குள் நுழைவதில் மட்டும் அவனுக்கு அவசரமே கிடையாது.

"உள்ள வா. செத்தவர் கடிக்க மாட்டார்" என்றார் ஊசி மேடம்.

"சாகடிச்சவன் கடிப்பானோன்னுதான் பார்க்கறேன் மேடம்."

ஊசி மேடம் போலீஸில் இருந்து, பெரிய மனுஷர் ஒருத்தரின் பிள்ளைமேல் கை வைத்துவிட்டு, வேலையை விட்டவர். ஒல்லி, உயரம். பேச்சு சுருக்கென்று இறங்கும். இறங்கியதே அப்புறம்தான் தெரியும். அவரிடம் முன்பு வேலை பார்த்த இன்ஸ்பெக்டர்தான் இப்போது பூட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார்.

"இதுல தேட ஒண்ணும் இல்ல மேடம். மூடுற வேலை மட்டும்தான் பாக்கி" என்றார் அவர். "செத்தவர் இந்த கிளப்போட கோச். எல்லாரும் மாஸ்டர்னு கூப்பிடுவாங்க. கொன்னது மருமகன், லாரி மெக்கானிக். கொலைக்கு முந்தின நாள்தான் நடுரோட்டுல மாமனார் சட்டையைப் பிடிச்சிருக்கான். முந்தாநாள் மத்தியானம் இந்த அறையில, பிணத்து மேல குனிஞ்சு, ரெண்டு கையிலயும் ரத்தத்தோட நின்னான். பார்த்தது யார் தெரியுமா? பெத்த பொண்ணு. அவன் பொண்டாட்டி."

அவசரம் திரும்பிப் பார்த்தான். வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள் அந்தப் பெண். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வலது கை விரல் முட்டிகளில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள்.

"கையில என்னம்மா காயம்?" என்று கேட்டார் ஊசி மேடம்.

"அவரை அடிச்சது." குரலில் எதையும் மறைக்கிற எண்ணம் இல்லை. "உள்ள வந்தேன். அப்பா கிடந்தார். இவர் கையெல்லாம் ரத்தம். எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. கடிகாரங்களைப் போட்டு வைக்கற மரப் பெட்டி கையில கிடைச்சுது, எடுத்து மூஞ்சியிலயே அடிச்சேன். அவர் தடுக்கவே இல்ல மேடம். தாடை ரெண்டா போயிடுச்சு. ஆஸ்பத்திரியில கம்பி போட்டு இறுக்கி, காவலுக்கு ஆள் போட்டு வச்சிருக்காங்க. பேச முடியாது. தலையை மட்டும் ஆட்டறார். இல்ல, இல்லன்னு."

"நீங்க நம்பறீங்களா?"

"அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன். அவர்தான் செஞ்சார்னா அவரைச் சும்மா விடாதீங்க. அவர் இல்லன்னா..."

ஊசி மேடம் ஆறுதல் சொல்லவில்லை. அவருக்கு அது வராது. "மருமகனுக்கு முன்னாடி இந்த அறைக்கு யார் வந்தது?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

"போட்டிகளுக்கு நடுவரா இருக்கறவர். மாஸ்டரோட ரொம்ப நாள் சிநேகிதர். ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போட்டிருக்காங்க. முடிஞ்சதும் அவர் கிளம்பிட்டார். அவர் போகும்போது மாஸ்டர் உயிரோட இருந்தார்ங்கறதுக்குச் சாட்சி இருக்கு."

"பார்த்த சாட்சியா?"

"கேட்ட சாட்சி."

*

கேட்ட சாட்சி அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார். கிளப்பின் செயலாளர். வழுக்கைத் தலை, சதா வேர்க்கிற உடம்பு. நடுவில் இருந்த சுவர் பலகையால் ஆனது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் முகம் துடைத்துக்கொள்ளலாம் என்று அவசரத்துக்குத் தோன்றியது.

"உள்ள ரெண்டு பேரும் முதல்ல ஏதோ பேசிக்கிட்டிருந்தாங்க. மெல்லிசா, ஆனா காரமா" என்றார் செயலாளர். "திடீர்னு தொம்முன்னு ஒரு சத்தம். தொடர்ந்து ரெண்டு மூணு. கீழ டயர் கடையில எப்பவும் சுத்தியல் அடிக்கற சத்தம்தான், இருந்தாலும் இது பக்கத்துல கேட்டுச்சு. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். 'ஒண்ணுமில்ல, கோப்பை விழுந்துடுச்சு, ஆட்டத்துல இருக்கோம், தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு நடுவர் உள்ளேருந்து சொன்னார். உடனே காயை நகர்த்திட்டுக் கடிகாரம் தட்டற சத்தம் ஆரம்பிச்சுது. டக், டக், டக், டக். ரெண்டு பேரும் மும்முரமா ஆடறாங்கன்னு நான் திரும்பி வந்துட்டேன்."

"மாஸ்டர் குரல் கேட்டுச்சா?"

"ஆட்டத்துல யார் பேசுவாங்க? கொஞ்ச நேரம் தட்டல் கேட்டுச்சு. அப்புறம் நின்னுது. நடுவர் வெளிய வந்தார். 'வரேன் மாஸ்டர்'னு உள்ளே பார்த்துச் சொல்லிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த வெயில்ல கறுப்புக் கோட்டை மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். போட்டி நடத்தறவர், மரியாதையா இருப்பார்."

"ஆமா, ரத்தம் கறுப்புல ரொம்ப மரியாதையா உட்காரும்" என்றான் அவசரம்.

ஊசி மேடம் அவனை முறைத்தார். ஆனால் அதட்டவில்லை. அவர் இன்ஸ்பெக்டரிடம் கையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் தன் போனில் அன்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். கவிழ்ந்து கிடந்த மாஸ்டர், உடைந்த மண்டை, பலகை, பலகைக்குப் பக்கத்தில், ஆளுக்கொரு பக்கமாக மிச்ச நேரம் காட்டும் டிஜிட்டல் கடிகாரம். திரையின் பாதியை ரத்தம் மூடியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் எண்கள் மங்கலாகத் தெரிந்தன. ஒரு பக்கம் பதினேழு நிமிடம் சொச்சம். இன்னொரு பக்கமும் பதினேழு நிமிடம் சொச்சம்.

"அப்போ நிறைய நேரம் மிச்சம் வச்சு ஆட்டத்தை முடிச்சுட்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாஸ்டரின் மகள் போனை வாங்கிப் பார்த்தாள். முதலில் அவள் பார்த்தது அப்பாவின் கையை. அப்புறம்தான் எண்களைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"இது தப்பு மேடம். இந்தக் கடிகாரத்துல எங்க கிளப் ஆட்டம் எல்லாமே பத்து நிமிஷம்தான். பத்துல ஆரம்பிச்சு எப்படிப் பதினேழு இருக்கும்?"

"கடிகாரம் பின்னாடி ஓடுமா?" என்றான் அவசரம்.

"ஏறும் அண்ணா. ஆனா இது ஏறக் கூடாது." அவள் அலமாரியிலிருந்து அதே மாதிரி இன்னொரு கடிகாரத்தை எடுத்து வைத்தாள். சொல்ல ஒரு வேலை கிடைத்ததும் அவள் குரல் நிமிர்ந்தது. "ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு டிலே. நீங்க ஆட வேண்டிய நேரம் வந்ததும் கடிகாரம் அஞ்சு செகண்ட் சும்மா காத்திருக்கும், அப்புறம்தான் ஓட ஆரம்பிக்கும். நீங்க எவ்வளவு வேகமா ஆடினாலும் பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு செகண்ட் கூடாது. எங்க கிளப்புல எப்பவும் இதான். இன்னொண்ணு இன்க்ரிமென்ட். நீங்க ஆடித் தட்டினதும் அஞ்சு செகண்ட் இனாமாச் சேர்த்துடும். அஞ்சு செகண்டுக்குள்ள ஆடினா, செலவழிச்சதைவிட வரவு ஜாஸ்தி. நேரம் ஏறும். முறைக்கு ஒரு நம்பர் உண்டு. அடியில பொத்தானை அழுத்தி நம்பரை மாத்தணும். அடுத்தடுத்த நம்பர்தான் இது ரெண்டும்."

ஊசி மேடம் கடிகாரத்தை மகள் பக்கம் தள்ளினார்.

"இன்க்ரிமென்ட்ல வைம்மா. அவசரம், அதைத் தூக்கிக்கிட்டு அந்த அறைக்குப் போ. கதவைச் சாத்து. ரெண்டு பக்கமும் நீயே மாத்தி மாத்தித் தட்டு. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

"எங்க உட்காரட்டும்?"

"கொலைகாரன் எங்க உட்கார்ந்திருப்பானோ அங்க."

அவசரம் போய் உட்கார்ந்தான். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. டக், டக், டக், டக். இடது கை, வலது கை. இப்படித்தான் ஒருவன் உட்கார்ந்து தட்டியிருக்கிறான். எதிரே ஒரு மனுஷர், மண்டை பிளந்து, ஒருவேளை மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்க, இரண்டு கையாலும் தாளம் போட்டிருக்கிறான். அவசரத்துக்கு வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

கதவு திறந்தது. செயலாளர் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"இதேதான்! இதே சத்தம்தான்! அன்னைக்கும் இப்படித்தான், இடைவெளியே இல்லாம..." சொல்லிக்கொண்டே வந்தவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நின்றுவிட்டார்.

கடிகாரத்தின் இரண்டு பக்கமும் பத்தைத் தாண்டி ஏறியிருந்தது.

"ஆட்டம்னா யாராவது ஒருத்தன் யோசிப்பான்" என்றார் ஊசி மேடம். "தலையைச் சொறிவான், பெருமூச்சு விடுவான், அவன் பக்கம் நேரம் கரையும். ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு ஏறியிருக்குன்னா, ரெண்டு பேருமே யோசிக்கல. ஒருத்தர் யோசிக்கற நிலைமையில இல்ல."

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அவர் வர்றதுக்கு முன்னாடியே அப்பா..."

"ஆமா. உங்க புருஷன் வந்து தூக்கிப் பார்த்திருக்கார். அவ்வளவுதான்."

அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

"இது போதாது" என்றார் இன்ஸ்பெக்டர், இப்போது வேறு குரலில். "நடுவர் எதுக்கு மேடம் கொல்லணும்?"

"அந்தக் கடிகாரத்தை வேற முறைக்கு யாரோ மாத்தியிருக்காங்க. ஏன்?" ஊசி மேடம் மகளிடம் திரும்பினார். "அன்னைக்கு நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

"போன மாசம் பெரிய போட்டியோட இறுதி ஆட்டத்துல தோத்துட்டேன். ஜெயிக்க வேண்டிய ஆட்டம், நேரம் முடிஞ்சு போச்சு. சாப்பிடாம கிடந்தேன். அதுக்குத்தான் என் வீட்டுக்காரர் அப்பாவோட சண்டை போட்டார், இந்த ஆட்டமே இவளுக்கு வேண்டாம்னு. அன்னைக்கு அப்பா போன் பண்ணி, 'நீ தோக்கலம்மா, வா, மாப்பிள்ளையையும் வரச் சொல்லு, வந்து கண்ணால பாருங்க'ன்னார். சமாதானத்துக்குச் சொல்றார்னு நினைச்சேன்."

"இறுதி ஆட்டத்துக்கு எந்தக் கடிகாரம்?"

"கிளப்போடதுதான். இதே..." அவள் நிறுத்தினாள். கண்கள் மெல்ல விரிந்தன. "ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற டிலே வைக்கலாம் மேடம். எதிராளிக்கு அஞ்சு செகண்ட், எனக்கு ரெண்டு. டிலேல நேரம் ஏறாதே, அதனால வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அன்னைக்குக் கடிகாரத்தை வச்சுக் கொடுத்தது நடுவர்தான். அவர் வச்ச நேரம் அதுல அப்படியே இருந்திருக்கும், அப்பா பார்த்திருப்பார்."

*

நடுவர் அன்று ஒரு மண்டபத்தில் போட்டி நடத்திக்கொண்டிருந்தார். வரிசை வரிசையாக மேஜைகள், நூறு பேருக்கு மேல் குனிந்த தலைகள். பேச்சு மூச்சு இல்லை. கடிகாரத் தட்டல் மட்டும் மழைத்துளி மாதிரி அங்கங்கே விழுந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்கு அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். இன்ஸ்பெக்டர் வெளிவாசலில் நின்றார். மகள், வரக்கூடாது என்று சொல்லியும், பின்னாலேயே வந்திருந்தாள்.

நடுவர் கனமான மனுஷர். பேச்சில் தேன். கோட்டு மட்டும் அன்று சாம்பல் நிறம்.

"கறுப்புக் கோட்டு சலவைக்குப் போயிருக்கா சார்?" என்றான் அவசரம்.

"என்ன?"

"அவனை விடுங்க" என்றார் ஊசி மேடம். "மாஸ்டர் கடைசியா ஆடின ஆட்டம். அவர் எப்படி ஆடினார்னு தெரிஞ்சா பொண்ணுக்கு ஒரு ஆறுதல்."

நடுவர் பெருமூச்சு விட்டார். "பிரமாதமா ஆடினார். ஒவ்வொரு காய்க்கும் அப்படி யோசனை. கடைசியில அவருக்கு ஒரு நிமிஷம்கூட மிச்சமில்ல. சிரிச்சுக்கிட்டே ராஜாவைச் சாய்ச்சார்."

"எந்த முறை?"

"எப்பவும் போல டிலேதான்."

ஊசி மேடம் போனைத் திருப்பி அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். பதினேழும் பதினேழும்.

நடுவரின் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ இறங்கிப் போனது. "இது... இது எப்படி? நான் ஆஃப் பண்ணிட்டுத்தானே..."

மகள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"பண்ணப் பார்த்தீங்க" என்றார் ஊசி மேடம். "கட்டை விரல்ல ரத்தம். பொத்தான் வழுக்கிடுச்சு. கடிகாரம் நின்னுது, ஆனா அணையல. திரை மேல ரத்தம் இருந்ததால உங்களுக்கு எண் தெரியல. அதுக்கு முன்னாடி, நீங்க வச்ச திருட்டு நேரத்தை அழிக்கறதுக்கு நம்பரை மாத்தினீங்க. கிளப்போட பழைய நம்பருக்குப் போறதா நினைச்சு, பக்கத்து நம்பர்ல நின்னுட்டீங்க. நீங்க தட்டத் தட்ட அது ஏறிக்கிட்டே போச்சு."

நடுவர் மெல்ல நாற்காலியின் முதுகைப் பிடித்தார். உட்காரப் போகிறார் என்றுதான் அவசரம் நினைத்தான்.

இரும்பு நாற்காலி காற்றில் சுழன்று வந்தது. அவசரம் கையைக் குறுக்கே நீட்டினான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. வலி ஒரு நொடி கழித்துத்தான் வந்தது. வந்ததும் கண்ணில் பூச்சி பறந்தது. இரண்டாவது அடி ஊசி மேடத்தின் தோளில் விழுந்து அவரைச் சுவரில் மோதியது. நடுவர் கதவை உதைத்துத் திறந்து மண்டபத்துக்குள் பாய்ந்தார்.

முதல் வரிசையில் ஒரு கிழவர் தலையைத் தூக்காமலேயே, "ஷ்ஷ்!" என்றார்.

மேஜைகள் கவிழ்ந்தன. காய்கள் பொரி மாதிரி சிதறின. குறுக்கே எழுந்த ஒரு வாலிபனின் முகத்தில் நடுவர் முழங்கையால் இடித்தார். அவன் மூக்கிலிருந்து ரத்தம் பீய்ச்சி எதிராளியின் சட்டையில் தெறித்தது. யாரோ அலறினார்கள். ஊசி மேடம் மேஜைமேல் ஏறினார். மேஜையிலிருந்து மேஜைக்குத் தாவினார். பின்னாலிருந்து நடுவரின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, அந்த முகத்தை அப்படியே ஒரு பலகைமேல் இறக்கினார். ஒரு முறை. பல் ஒன்று கறுப்புக் கட்டத்தில் போய் விழுந்தது. நடுவர் திமிறினார். இன்னொரு முறை. கை முதுகுக்குப் பின்னால் முறுக்கப்பட்டது. தோள் மூட்டு நழுவியபோது அவர் போட்ட சத்தத்தில் மண்டபமே எழுந்து நின்றது.

"அவனே தேடிக்கிட்டான்!" ரத்தமும் எச்சிலுமாகக் கத்தினார் நடுவர். "எல்லார் முன்னாடியும் கடிகாரத்தைக் காட்டறேன்னான்! கெஞ்சினேன், காலைப் பிடிச்சேன். எதிராளிகிட்ட காசு வாங்கினது தெரிஞ்சா என் பேரே போயிடும்னேன். 'என் பொண்ணு ஒரு மாசமா அழறா'ன்னான். வேற ஒண்ணும் பேச மாட்டேன்னுட்டான்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகள் வந்தாள். தரையில் கிடந்தவரை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் விலா எலும்பில் எட்டி உதைத்தாள். அவர் சுருண்டார். அதே இடத்தில் இன்னொரு தடவை.

இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். ஊசி மேடம் உத்தரத்தில் சுற்றும் மின்விசிறியை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது உதைக்குக் கால் எழும்பியபோதுதான் தலையைத் தாழ்த்தினார்.

"போதும்மா."

அவள் நின்றாள்.

"அப்பா உடனே போயிட்டாரா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். "இவன் தட்டிக்கிட்டு இருந்தப்போ அப்பா உயிரோட இருந்தாரா?"

நடுவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவே பதிலாகப் போய்விட்டது.

*

அவசரத்துக்குக் கையில் மாவுக்கட்டுப் போட்டதும் மெக்கானிக் இருந்த அதே ஆஸ்பத்திரியில்தான்.

"இந்தக் கையால ஒரு மாசம் தட்ட முடியாது மேடம்" என்றான்.

"உன் வாய்க்கு மாவுக்கட்டு உண்டான்னு டாக்டரைக் கேட்டேன். இல்லையாம்" என்றார் ஊசி மேடம். அவருடைய தோளும் வீங்கியிருந்தது.

இரண்டு பேரும் வராந்தாவில் நடந்து வந்தார்கள். கடைசி அறை வாசலில் காவலுக்கு இருந்த போலீஸ்காரர் நாற்காலியை மடித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் மெக்கானிக் சாய்ந்திருந்தான். பாதி முகம் நீலம் பாரித்து வீங்கியிருந்தது. தாடையைச் சுற்றித் துணி, உதடுகளுக்கு நடுவே கம்பி மினுங்கியது. கட்டில் பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்க வேண்டும், இரண்டு பேர் கண்ணும் ஈரமாக இருந்தது.

அவன் தலையணை ஒரு பக்கமாக நழுவியிருந்தது. அவள் அதைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள்.

அவன் சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

வேண்டுமென்று செய்ததில்லை. உடம்பு செய்தது. ஆனால் அவள் பார்த்துவிட்டாள். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்டனை வாங்குகிற மாதிரி அப்படியே நின்றாள்.

அவசரம் வாயைத் திறந்தான். ஊசி மேடம் அவன் நல்ல கையைப் பிடித்து அழுத்தினார். மூடிக்கொண்டான்.

அப்புறம் மெக்கானிக், வலியில் கண்ணை இறுக்கிக்கொண்டு, கட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஓரத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டான்.

அவள் போய் விளிம்பில் உட்கார்ந்தாள். கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.